ஈயத்தைவிட ஈரத்துண்டு: விண்வெளி நிலையக் கதிர்வீச்சு, கேள்வி பதில்

ராதாபுரத்திலிருந்து: அண்ணாச்சி, கூடங்குளத்துல வேலைக்குப் போறவங்க கதிர்வீச்சை அளக்க சட்டையில மாட்டுற டிஎல்டி பேட்ஜையே விண்வெளி நிலையத்துலயும் மாட்டினா போதாதா?

பாதி வேலைதான் நடக்கும் தம்பி. அந்த பேட்ஜில் இருப்பது டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லை. பட்ட கதிரின் ஆற்றலைப் பிடித்து வைத்துக்கொண்டு, சூடாக்கினால் ஒளியாக விடும். காமாவுக்கும் பீட்டாவுக்கும் அது சரி. விண்வெளியிலோ புரோட்டானோடு இரும்பு போன்ற கனமான அணுக்கருக்களும் வரும். அவை போகும் பாதையில் ஆற்றல் நெருக்கியடித்து இறங்குவதால், வில்லையில் அதைப் பிடிக்கும் இடங்கள் நிரம்பி மிச்சம் பதிவாகாது. உயிரணுவுக்கு அதிகக் கேடு செய்யும் துகளைத்தான் வில்லை குறைத்துக் காட்டுகிறது!

அதனால் மேலே அனுப்பும்போது லித்தியம் ஃபுளோரைடு வில்லையோடு, மூக்குக்கண்ணாடிக்குப் பயன்படும் சிஆர்-39 பிளாஸ்டிக் தகடும் சேர்ப்பார்கள். தரைக்கு வந்ததும் தகட்டைச் சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால், துகள் போன தடம் குழியாக அரிபட்டு நுண்ணோக்கியில் தெரியும். துகள் தன் பாதையில் மைக்ரோமீட்டருக்குச் சுமார் 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வரை இறக்கினால் வில்லைக் கணக்கு, அதற்கு மேல் தகட்டுக் கணக்கு.

பிழை வரும் இடங்கள் இரண்டு. கனத்துகளில் வில்லை பதிந்த பங்கைக் கழிக்காமல் கூட்டினால் இரட்டை எண்ணிக்கை. கரைசலின் சூடு மாறினால் குழியின் அளவும் மாறும்; தெரிந்த துகள் பாய்ச்சிய மாதிரித் தகடு ஒன்றும் அதே தொட்டியில் கிடக்க வேண்டும்.

வள்ளியூரிலிருந்து: நாளுக்கு எவ்வளவு ஏறும்?

சர்வதேச விண்வெளி நிலையத்தில் சுமார் 0.5 முதல் 0.7 மில்லிசீவர்ட் (உடலில் ஏறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). தரையில் உலகச் சராசரி ஆண்டுக்கே 2.4தான்.

பாளையங்கோட்டையிலிருந்து: கிருஷ்ணாபுரத்துல புவிகாந்த ஆய்வகம் இருக்குல்லா, அதுக்கும் இதுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு இல்லை, ஆனால் ஆய்வகம் இங்கே இருப்பதற்கும் மேலே கதிர்வீச்சு அளவு இடத்துக்கு இடம் மாறுவதற்கும் காரணம் ஒன்றே, பூமியின் காந்தப்புலம். காந்த நடுக்கோடு நம்ம பக்கமாகப் போகிறது. இங்கே காந்தப்புலம் கிடைமட்டமாக இருப்பதால், மேலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களை வளைத்துத் திருப்பிவிடும். நிலையம் நம் தலைக்கு மேல் போகையில் அளவு குறைவு, 51.6 பாகை அட்சரேகையை ஒட்டிப் போகையில் அதிகம். பிரேசில் பக்கம் தென் அட்லாண்டிக் மேலே, பூமியின் காந்தப்புலம் பிடித்து வைத்திருக்கும் புரோட்டான் பட்டை தாழ இறங்கியிருக்கிறது. அங்கே சில நிமிடங்களிலேயே அளவு எகிறும். வில்லை மொத்தத்தை மட்டும் சொல்லும். எந்த நிமிடத்தில் ஏறியது என்று பார்க்க டைம்பிக்ஸ் சில்லு போன்ற மின்னணுக் கருவி வேண்டும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: எக்ஸ்ரே அறை மாதிரி ஈயத் தகடு அடிச்சா என்ன அண்ணாச்சி?

தகட்டின் தடிமனைப் பார்க்காதீங்க, எடையைப் பாருங்க. ராக்கெட்டில் காசு எடைக்குத்தான். சதுர சென்டிமீட்டருக்கு 10 கிராம் என்றால் ஈயம் 0.9 செ.மீ., அலுமினியம் 3.7, தண்ணீர் 10. இதே எடையில் தண்ணீரும் பாலிஎத்திலீனும்தான் ஜெயிக்கும். புரோட்டானின் வேகத்தை உறிஞ்சுவது எலக்ட்ரான். கிராமுக்கு அதிக எலக்ட்ரான் வைத்திருப்பது ஹைட்ரஜன். ஈயத்தில் மோதினால் கனமான அணுக்கரு சிதறி நியூட்ரான் கிளம்பும், அது வேறு தலைவலி.

நிலையத்தில் ரஷ்யாவின் ஸ்வெஸ்தா பகுதியில், தூங்கும் அறைச் சுவரில் ஈரத்துடைப்பான்களையும் ஈரத்துண்டுகளையும் திரைபோல அடுக்கிப் பார்த்தார்கள். மொத்தம் 67 கிலோ. உள்ளே அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எப்படியும் ஏற்றிப்போகிற சாமான்தானே! ஒன்றே ஒன்று: துடைப்பானை எடுத்துப் பயன்படுத்தப் பயன்படுத்தத் திரை மெலியும், காலி இடத்தை உடனே நிரப்ப வேண்டும்.