சொட்டு மருந்து விட்டால்தான் மூக்கு திறக்கிறது!

கேள்வி: மாதக்கணக்கில் மூக்கில் சொட்டு மருந்து விடுகிறேன். சில மணி நேரத்தில் மறுபடி அடைத்துக்கொள்கிறது. அலர்ஜி பரிசோதனையில் ஒன்றுமில்லை. என்ன செய்வது?

பதில்: இப்போதைய அடைப்புக்கு அந்த மருந்தே காரணமாக இருக்கலாம். இத்தகைய சொட்டுகளில் உள்ள ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் போன்ற மருந்துகள் மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பைத் திறக்கும். 3 முதல் 5 நாட்களைத் தாண்டி விட்டுவந்தால், மருந்தின் வேகம் தணிந்ததும் மூக்கின் உட்சவ்வு முன்னைவிட வீங்கும். அலர்ஜி இல்லாதவர்களுக்கும் புகை, வாசனைத் திரவியம், குளிர்காற்று மூக்கை அடைக்கும். அதற்கு அலர்ஜி மாத்திரை பெரும்பாலும் உதவாது.

மருத்துவரைக் கேட்டு மூக்கு வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே தொடங்குங்கள். முழுப் பலனுக்கு 2 வாரமாவது ஆகும், பொறுங்கள். தலையைச் சற்றுக் குனிந்து, வலக்கையால் இடது மூக்கில், நுனியைக் காதுப்பக்கம் சாய்த்து அடியுங்கள். இரு துவாரங்களுக்கும் நடுவிலுள்ள தண்டில் பட்டால் ரத்தம் கசியும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். சொட்டு மருந்தை முதலில் ஒரு மூக்கில் மட்டும் நிறுத்துங்கள். அது திறந்தபின் மற்றதில்.