கள் எப்போது புளிக்கும் என்று கணினி சொல்லுமா?

கேள்வி: என் அப்பா தென்னையில் கள் இறக்குகிறவர். காலையில் இறக்கினால் இனிப்பு, சாயங்காலத்துக்குள் புளிப்பு. எத்தனை மணிக்குப் புளிக்கும் என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். 'சிஸ்டம்ஸ் பயாலஜி' வளர்ந்தால் உயிரியலும் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்கிற அறிவியலாகிவிடும் என்கிறார் எங்கள் பேராசிரியர். நிஜமா?
- ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: பாதி நிஜம்.

அப்பாவின் கலயத்தில் இருக்கிற ஈஸ்ட்டையே எடுத்துக்கொள்வோம். (உங்கள் கேரளப் பக்கம் லைசென்ஸோடு இறக்கலாம், வேலந்தாவளம் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால் கேஸ்!) அதன் சுமார் 6,000 மரபணுக்களையும் 1996-லேயே படித்து முடித்தாயிற்று. ஆனால் எது எதை முடுக்குகிறது, எது எதை அடக்குகிறது என்று அந்தப் பட்டியல் சொல்லாது. அந்த உறவுகளைச் சமன்பாடுகளாக எழுதி, மொத்தமாகக் கணினியில் ஓட்டி, வந்த விடையை ஆய்வகத்தில் சரிபார்ப்பதுதான் உங்கள் பேராசிரியர் சொன்ன துறை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 2002-இல் அமெரிக்காவில் பெர்ன்ஹார்ட் பால்சன் என்ற ஆய்வாளரின் குழு செய்த வேலை. ஈ. கோலை பாக்டீரியாவுக்குக் கிளிசராலை மட்டும் தீனியாகக் கொடுத்தால் அதிகபட்சம் எவ்வளவு வேகமாக வளர முடியும் என்று, இப்படிச் சமன்பாடுகளால் கட்டிய கணினி மாடல் ஒரு விடை கொடுத்தது, பாக்டீரியாவோ அதைவிட மெதுவாகத்தான் வளர்ந்தது. மாடல் தப்பு என்று மூட்டை கட்டாமல் அதே தீனியில் சுமார் 40 நாள், ஏறக்குறைய 700 தலைமுறை வளர்த்தார்கள். பரிணமித்துப் பரிணமித்துக் கடைசியில் மாடல் சொன்ன வேகத்துக்கே வந்து சேர்ந்தது. கணக்கு முதலில் வந்து உயிர் பின்னால் வந்த கதை இது.

அப்புறம் 2012-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்கஸ் கோவர்ட்டின் குழு, 525 மரபணுக்கள் மட்டுமே உள்ள மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற பாக்டீரியாவின் முழு செல்லையும் 28 துணை மாடல்களாகப் பிரித்துக் கணினியில் கட்டியது. ஒரு மரபணுவை எடுத்துவிட்டால் செல் எவ்வளவு வேகமாக வளரும் என்று அதைக் கேட்டார்கள். சில விடைகள் ஆய்வகத்தோடு ஒத்துப்போகவில்லை. எங்கே இடிக்கிறது என்று தேடிப் போனதில், சில நொதிகளின் வேகத்துக்குப் போட்டிருந்த எண்களே சரியில்லை என்று தெரிந்தது. என்னைக் கேட்டால் மாடல் ஜெயிப்பதைவிட இப்படித் தோற்பதில்தான் லாபம் அதிகம், எந்த இடத்தில் நமக்கு விஷயம் தெரியவில்லை என்று விரல் வைத்துக் காட்டிவிடுகிறதே.

கள்ளோ ஒரே செல் சமாச்சாரம் இல்லை. சர்க்கரையை ஆல்கஹால் ஆக்க ஈஸ்ட், கூடவே சைமோமோனாஸ் என்ற பாக்டீரியா. புளிக்க வைக்க லாக்டிக், அசெட்டிக் அமில பாக்டீரியாக்கள். ஒன்று கழித்ததை இன்னொன்று தின்னும். கலயத்தில் முந்தின நாள் ஒட்டிக்கொண்டது எவ்வளவு, அன்றைக்கு வெயில் எப்படி, இதெல்லாம் சேர்ந்துதான் நேரத்தை முடிவு செய்கிறது. சுண்ணாம்பு தடவினால் புளிப்பது தள்ளிப்போகும் என்பதுகூட காரத்தன்மையில் அந்த நுண்ணுயிர்கள் சுணங்குவதால்தான். இப்போதைக்கு என் பந்தயம் உங்கள் அப்பாவின் மூக்கின் மேல்தான்.

கேள்வி: இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேன். மாசாமாசம் ஊசி குத்தி ரத்தம் எடுத்துத்தான் அளவு சொல்கிறார்கள். இதைக் கணக்குப் போட்டே சொல்லக் கூடாதா?
- ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: ஓரளவு போடுகிறார்கள். சிஒய்பி2சி9, விகேஓஆர்சி1 என்ற இரண்டு மரபணுக்களின் வகை, வயது, எடை, கூடவே சாப்பிடுகிற மற்ற மருந்துகள், இத்தனையும் சேர்த்து ஆரம்ப அளவைக் கணிக்கச் சூத்திரங்கள் உண்டு. ஆனால் ஒரு வாரம் முருங்கைக்கீரையாக அள்ளிச் சாப்பிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருந்தால் இரத்தம் உறைய உதவுகிற வைட்டமின் கே, கீரையோடு ஏறி இறங்கி எல்லாக் கணக்கையும் குலைத்துவிடும். அதனால் ஊசி தொடரும். கீரையை விட வேண்டாம், ஒரே அளவாகச் சாப்பிடுங்கள், மாத்திரை அளவை டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

கேள்வி: கணக்குக்குப் பயந்துதான் பயாலஜி எடுத்தேன். இந்தத் துறைக்குள் வர முடியுமா?
- பிளஸ் டூ மாணவன், கம்பம்

பதில்: வரலாம் தம்பி, பயத்தை வீட்டில் வைத்துவிட்டு. வகைக்கெழுச் சமன்பாடும் புள்ளியியலும் கொஞ்சம் பைத்தான் என்ற கணினி மொழியும் இல்லாமல் உள்ளே நிற்க முடியாது.