ஆயுத பூஜைக்குப் பூசணி: நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கேள்வி: பெங்களூரு சர்ஜாபுரா பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் நிலம், போர்வெல், சொட்டுநீர் இருக்கிறது. போன வருஷம் ஜூன் 25-ல் கோ 2 ரக வெள்ளைப் பூசணி விதைத்தோம். பாதிப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தது. மிஞ்சியதில் பல காய்களுக்கு அடி அழுகல். ஆயுத பூஜைக்கு மார்க்கெட் கொண்டுபோனால், “சாம்பல் பிடிக்கவில்லை” என்று விலையைக் குறைத்துவிட்டார்கள். இந்த வருஷம் மஞ்சள் பூசணியும் சேர்த்துப் போடலாமா? எங்கே தவறு?

பதில்: முதல் தவறு தேதியில். 2025-ல் ஆயுத பூஜை அக்டோபர் 1. நீங்கள் விதைத்த நாளிலிருந்து எண்ணினால் 98 நாள்தான். கோ 2 முற்ற 120 நாள் வேண்டும். முற்றாத காயில் மேல்தோல் மெழுகு படியாது. அந்த வெள்ளைப் பூச்சைத்தான் வியாபாரி பார்க்கிறார், அது இருந்தால்தான் காய் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் குறைத்த விலையில் நியாயம் உண்டு.

பூஜை தேதி வருஷத்துக்கு வருஷம் நகர்கிறது. 2024-ல் அக்டோபர் 11, 2025-ல் அக்டோபர் 1, இந்த வருஷம் (2026) அதிக மாசம், அதாவது பஞ்சாங்கத்தில் கூடுதலாக ஒரு மாதம், வருவதால் பஞ்சாங்கத்தைப் பொறுத்து அக்டோபர் 19 அல்லது 20. ஆகவே “ஜூனில் விதைப்போம்” என்று மாதக்கணக்கு வைக்காமல், பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பூஜை நாளிலிருந்து 135 நாள் பின்னால் எண்ணுங்கள். 120 நாள் பயிருக்கு, 15 நாள் காய் ஆறவும் முன்கூட்டி விற்கவும். அக்டோபர் 19 என்று வைத்தால் இந்த வருஷக் கணக்கு ஜூன் 6-ல் வந்து நிற்கிறது. கோ 1 போடுவதானால் அதற்கு 140 முதல் 150 நாள் ஆகும், மே முதல் வாரத்திலேயே குழி தயாராக வேண்டும். உங்களுக்கு கோ 2 தான் சரி. காய் 3 கிலோ அளவில் நிற்கும், வண்டிக்கு உடைப்பவர் கேட்பதும் அதைத்தான்.

ஒரு ஏக்கர் வெள்ளைப் பூசணிக்கு, அரை ஏக்கர் மஞ்சளுக்கு என்று பிரியுங்கள். இரண்டும் வேறு இனம் என்பதால் மகரந்தம் கலந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். வெள்ளைக்கு வரிசைக்கு வரிசை 2 மீட்டர், குழிக்குக் குழி ஒன்றரை மீட்டர். ஏக்கருக்குச் சுமார் 1,350 குழி, ஒரு கிலோ விதை. மஞ்சளுக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர், அரை ஏக்கருக்கு 500 குழி, 200 கிராம் விதை போதும். ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா சந்தன் என்ற மஞ்சள் ரகம் இரண்டு மூன்று கிலோ காய் தரும், சிறு குடும்பத்துக்கு அளவானது. குழிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரமும் 6:12:12 (தழை, மணி, சாம்பல் சத்து) கலப்பு உரம் 100 கிராமும் அடியுரம். 30-ம் நாள் குழிக்கு 22 கிராம் யூரியா. அதற்கு மேல் யூரியா கொட்டினால் கொடி தழைக்கும், காய் வராது.

முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. “பூத்துப் பூத்து உதிர்கிறதே” என்று பதற வேண்டாம். பெண் பூவைக் கூட்ட தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் வழி: 10 லிட்டர் தண்ணீரில் 2.5 மி.லி. எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கி, விதைத்த 15-ம் நாள் தொடங்கி வாரம் ஒருமுறை, நான்கு தடவை.

இனிப் பிஞ்சு உதிர்வு. மஞ்சளான பிஞ்சு ஒன்றைக் கையிலெடுத்துப் பாருங்கள். தோலில் எங்கும் துளை இல்லை, பூ இருந்த முனையிலிருந்து சுருங்கி வந்திருக்கிறது என்றால் மகரந்தம் சேரவில்லை. தோலில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, அதன் மேல் பிசின் துளி உறைந்திருக்கிறது, நறுக்கினால் உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறது என்றால் பழ ஈ. வைத்தியம் வேறு வேறு. பார்க்காமல் மருந்தடிப்பதுதான் பல தோட்டங்களில் நடக்கிறது, காலையில் அடித்த மருந்து தேனீயையும் கொன்று, உள்ளதையும் கெடுத்துவிடும்.

பூ விடியற்காலையில் விரியும், வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். மழை மூட்டமான காலையில் தேனீ வெளியே வராது. அந்த நாட்களில் கையால் செய்யுங்கள்: ஆறு மணிக்கு மேல் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவுங்கள். வீட்டில் இரண்டு பேர் இறங்கினால் ஒரு காலையில் நிறையவே முடியும். மருந்து கட்டாயமானால் மாலையில் மட்டும். கந்தகத் தூளும் தாமிரத் தூளும் இந்தக் கொடிக்கு ஆகாது, இலை கருகும்.

பழ ஈக்கு ஏக்கருக்கு 10 க்யூலூர் பொறி (ஈயை வாசனையால் இழுத்துப் பிடிப்பது), பூ வருமுன்பே கட்டிவிடுங்கள். கடையில் மாம்பழ ஈக்கான மெத்தில் யூஜினாலை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், பூசணி ஈ அதற்கு வராது. க்யூலூரும் ஆண் ஈயை மட்டுமே இழுக்கும். அதனால் குத்துப்பட்ட பிஞ்சைத் தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். வரப்போரம் வீசினால் அந்தப் புழுவே மண்ணில் கூட்டுப்புழுவாகி அடுத்த ஈயாக வந்து நிற்கும்.

அடி அழுகலுக்குக் காரணம் ஈரமண். பெங்களூருவில் அதிக மழை செப்டம்பரில்தான், உங்கள் காய் தரையில் கிடப்பதும் அப்போதுதான். மேட்டுப்பாத்தி போட்டு, ஒவ்வொரு காய்க்கும் கீழே ஒரு பிடி வைக்கோல் வையுங்கள். அறுவடைக்குப் பத்து நாள் முன் சொட்டுநீரை நிறுத்துங்கள்.

பறிக்கும்போது காம்பைத் திருகக் கூடாது. கத்தரியால் இரண்டு அங்குலம் காம்போடு வெட்டுங்கள். காம்பு ஒடிந்த காயைத் திருஷ்டிக்குக் கட்ட யாரும் வாங்க மாட்டார்கள், அழுகலும் அந்த வழியாகத்தான் நுழையும். காயை அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். கழுவாதீர்கள், துடைக்காதீர்கள். கை பட்ட இடத்தில் சாம்பல் போய்விட்டால் திரும்ப வராது. வண்டியில் காய்க்கும் காய்க்கும் நடுவே வைக்கோல். மஞ்சள் பூசணியில் நகம் இறங்காத அளவு தோல் கெட்டிப்பட்டிருக்க வேண்டும். பறித்தபின் ஒரு வாரம் காற்றோட்டமான நிழலில் ஆற வையுங்கள்.

விற்பனையில் எல்லாவற்றையும் பூஜைக்கு முந்தின இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று எல்லோருடைய லாரியும் கே.ஆர். மார்க்கெட்டிலும் கலாசிபாளையத்திலும் நிற்கும், மறுநாள் கேட்க ஆள் இருக்காது. மூன்றில் ஒரு பங்கை இரண்டு வாரம் முன்பே வியாபாரிக்கு எடை போட்டுக் கொடுத்துவிடுங்கள். 3 கிலோ காய்களை அபார்ட்மென்ட் சங்கங்களுக்கும் மெக்கானிக் ஷெட்களுக்கும் எண்ணிக்கைக் கணக்கில் முன்பதிவு எடுத்துக் கொடுங்கள். கன்னடக்காரர் வெள்ளைப் பூசணியை “பூதுகும்பளகாயி” என்று கேட்பார், பலகையில் கன்னடத்திலும் எழுதுங்கள். பெரிய காய் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும். உடைத்த துண்டை ரோட்டில் விட்டால் டூவீலர் வழுக்கும் என்று வாங்குபவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மிஞ்சும் வெள்ளைக் காய் வீணில்லை. முற்றிய காய் மாதக்கணக்கில் தாங்கும்; காசி அல்வா கிண்டும் கல்யாணச் சமையல்காரர்களுக்குச் சாம்பல் பிடித்த முற்றல்தான் வேண்டும். ஒவ்வொரு அமாவாசைக்கும் திருஷ்டிக் காய் போகும். மஞ்சளில் நல்ல காய்களை வைக்கோல் மேல் ஒற்றை அடுக்காக வைத்திருந்தால் பொங்கல் வரை நிற்கும். அல்சூர், மர்பி டவுன் பக்கம் நம்மவர்கள் பொங்கல் குழம்புக்குத் தேடும் சமயம் அது. வாரம் ஒருமுறை காயைப் புரட்டி, காம்படியில் மெத்தென்று இருப்பதை உடனே தனியே எடுத்துவிடுங்கள்.