துப்பாக்கிச் சட்டம்: முதலில் பழைய கணக்கு

அன்புள்ள அண்ணா,

நம் தென்னாப்பிரிக்காவில் தற்காப்புக்கான லைசென்ஸை நிறுத்தச் சொல்லும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுத் திருத்த மசோதாவை எதிர்த்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். மனசு ஆறவில்லை. நான் டர்பனில் ஓர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். சம்பளம் கைக்கு வந்த சனி, ஞாயிறுகளில் எங்கள் விபத்துப் பிரிவு எப்படி இருக்கும் என்று நீங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். குண்டடி பட்டு வருகிறவர்களில் பள்ளிக்கூடம் முடித்து ஓரிரு வருடம்கூட ஆகாத பையன்கள் இருக்கிறார்கள். கணவன் சுட்டு வரும் பெண்கள் இருக்கிறார்கள். 2021 ஜூலைக் கலவரத்தில், டர்பனுக்குப் பக்கத்தில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் பீனிக்ஸில் 36 பேர் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள் என்பதை யாரும் மறைக்க முடியாது. அதற்குப் பிறகும் தற்காப்புக்குத் துப்பாக்கி வேண்டும் என்று நாம் பேசலாமா? ஊரடங்குச் சிகரெட் தடை, ஈ-டோல் என்ற நெடுஞ்சாலை மின்னணுச் சுங்கம் என்று எல்லாவற்றையும் அந்தக் கட்டுரைக்குள் இழுத்திருந்தீர்கள். அரசாங்கம் எதைச் செய்தாலும் சந்தேகப்படுவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டதோ? துப்பாக்கி குறைந்தால் சாவு குறையும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

---

அன்புள்ள தங்கைக்கு,

துப்பாக்கி குறைந்தால் சாவு குறையும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நம் நாட்டிலேயே அதற்குச் சான்று உண்டு. 1969ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு 2000இல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அது 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. சாதாரணமாக 21 வயது ஆகியிருக்க வேண்டும், பயிற்சி முடித்துத் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும், போலீஸ் பின்னணி விசாரிக்கும், வீட்டில் பூட்டி வைக்க இரும்புப் பெட்டகம் இருக்க வேண்டும். தற்காப்புக்கு என்றால் ஒரே ஒரு துப்பாக்கி, அதற்கும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அந்தக் காலகட்டத்தில் பெரிய நகரங்களில் துப்பாக்கிக் கொலைகள் நன்றாகவே குறைந்தன. அது நல்ல சட்டம். இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

வாட்ஸ்அப்பில் சிலர் அமெரிக்க வீடியோக்களை அனுப்பி, துப்பாக்கி வைத்திருப்பது நம் பிறப்புரிமை என்கிறார்கள். நம் அரசியல் சாசனத்தில் அப்படி ஓர் உரிமை கிடையாது. துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை இல்லை, சட்டம் ஒழுங்குபடுத்தித் தரும் சலுகைதான் என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனக்கு அதில் முழுச் சம்மதம். ஆகவே என்னை அந்தக் கூட்டத்தோடு சேர்க்காதீர்கள்.

என் கேள்வி வேறு இடத்தில் தொடங்குகிறது. 2011-12இல் நாட்டில் நடந்த கொலைகள் சுமார் 15,500. 2022-23இல் 27,000க்கு மேல். கொலைகாரர்கள் மிக அதிகமாகப் பயன்படுத்தியது துப்பாக்கி. இந்தப் பத்து வருடத்தில் சட்டத்தை யாரும் தளர்த்தவில்லை. அதே பயிற்சி, அதே பெட்டகம், அதே விசாரணை. காகிதத்தில் எல்லாம் அப்படியே இருக்க, சாவு மட்டும் எப்படி ஏறியது?

ஒரே காரணம் சொல்லி முடித்துவிட முடியாது. ஆனால் ஒரு காரணத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. கிறிஸ் பிரின்ஸ்லூ என்று ஒரு போலீஸ் கர்னல். மக்கள் ஒப்படைத்த துப்பாக்கிகளும் போலீஸ் பறிமுதல் செய்தவையும் அழிப்பதற்காக அவர் பொறுப்பில் வந்தன. அவற்றில் சுமார் 2,000 துப்பாக்கிகளை அவர் கேப் டவுனின் கேப் பிளாட்ஸ் பகுதிக் கும்பல்களுக்குப் போய்ச் சேரும்படி விற்றார். அழித்தாகிவிட்டது என்று பதிவேட்டில் எழுதினார்கள். பிறகு அந்தத் துப்பாக்கிகளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொலைகளோடு தடயவியல் ஆய்வு இணைத்தது. 2016இல் அவருக்கு 18 வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. வீட்டில் இனி இந்தச் சனியன் வேண்டாம் என்று நம்பிக்கையோடு கொண்டுபோய்க் கொடுத்த யாரோ ஒருவரின் கைத்துப்பாக்கி, அரசாங்கத்தின் கை வழியாகவே ஒரு குழந்தையின் உடம்பில் குண்டு பாய்ச்சப் போயிருக்கிறது.

இந்த அரசாங்கம்தான் 2021 மே மாதத்தில் புதிய வரைவு மசோதாவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. அதன் மையமான அம்சம், தற்காப்பு என்ற காரணத்துக்காக லைசென்ஸ் கொடுப்பதை அடியோடு நிறுத்துவது. யோசித்துப் பாருங்கள், இது யாரைத் தேடி வரும்? பெயர், முகவரி, கைரேகை எல்லாம் கொடுத்துப் பதிவு செய்துகொண்டவரைத்தான். வெருலத்தில் கடை வைத்திருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன் லைசென்ஸ் புதுப்பிக்கப் போலீஸ் ஸ்டேஷன் கவுண்டரில் வரிசையில் நிற்கிறார். கோப்பு பிரிட்டோரியாவுக்குப் போய்விட்டது என்பார்கள், அப்புறம் காணோம் என்பார்கள், மறுபடி கைரேகை வை என்பார்கள். டாக்ஸி தகராறுகளில் கூலிக்குக் கொல்ல வரும் இன்கபி எந்த வரிசையிலும் நிற்பதில்லை. அவன் துப்பாக்கியில் உள்ள வரிசை எண்ணை அரத்தால் தேய்த்து அழித்திருப்பார்கள். நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் அரசியல் கொலைகளை விசாரிக்க மோராணே கமிஷன் வைத்து, 2018இல் அறிக்கையும் வந்தது. கவுன்சிலர்கள் சுடப்படுவது நிற்கவில்லை.

மத்திய துப்பாக்கிப் பதிவகத்தின் நிலைமை ஊரறிந்தது. லட்சக்கணக்கான லைசென்ஸ்கள் காலாவதியாகிக் கிடந்தன. அதைச் சரிக்கட்ட 2019 டிசம்பரிலும் 2020 ஆகஸ்டிலும் இரண்டு பொதுமன்னிப்புக் காலங்கள் அறிவிக்க வேண்டிவந்தது. ஏற்கெனவே பதிவு செய்தவர்களின் கணக்கையே வைத்திருக்க முடியாத அலுவலகத்திடம், இனி லைசென்ஸ் புதுப்பிக்க முடியாதவர்களின் துப்பாக்கிகளையும் வாங்கிப் பத்திரமாக வை என்று சொல்வதில்தான் இந்த மசோதா போய் முடிகிறது. அந்தக் கிடங்கின் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்பது என் பழக்கதோஷம் என்றால், அந்தப் பழக்கம் எல்லாருக்கும் வரட்டும்.

இன்னொன்று. தனி மனிதருக்கு லைசென்ஸ் நின்றாலும் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் தொழிலுக்கென்று துப்பாக்கி வைத்திருக்கும். இந்த நாட்டில் வேலையில் இருக்கும் தனியார் காவலர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். போலீஸ்காரர்கள் அதில் பாதிகூட இல்லை. வசதியானவர்கள் வாழும் உம்லாங்காவில் மாதச் சந்தா கட்டுகிற வீட்டுக்குத் துப்பாக்கியோடு ஆள் வருவான். சாட்ஸ்வொர்த்தில், உங்கள் தெருவில், சந்தா கட்ட முடியாத வீட்டுக்கு யார் வருவார்கள்? போலீஸ் வரும் என்று உங்களால் சொல்ல முடிந்தால் என் எதிர்ப்பில் பாதி இன்றே போய்விடும்.

சரி, பீனிக்ஸுக்கு வருகிறேன். நீங்கள் அதைக் கேட்டது நியாயம். நம் ஆட்கள் பலர் அதைப் பேசவே மறுக்கிறார்கள்.

அந்த ஜூலையில் நாடு முழுக்க 350 பேருக்கு மேல் செத்தார்கள். பீனிக்ஸில் கொல்லப்பட்ட 36 பேரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். பக்கத்துக் குடியிருப்புகளான பம்பாயியிலிருந்தும் அமாவோட்டியிலிருந்தும் கடைக்கும் பெட்ரோலுக்கும் வந்தவர்கள், சும்மா அந்த வழியாகப் போனவர்கள் அதில் உண்டு. தெருமுனையில் தடுப்பு வைத்து, தோல் நிறத்தைப் பார்த்து நிறுத்தினார்கள். அதைத் தற்காப்பு என்று சொல்ல என் நாக்கு எழாது. அது கொலை. அதைச் செய்தவர்கள் நம் கோயிலுக்கு வருகிறவர்களாக இருந்தாலும் கொலைதான்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே மூண்டு 142 உயிர்கள் போன கலவரத்தைப் பார்த்த பாட்டிகள் நம் வீடுகளில் இருந்தார்கள். 1985 ஆகஸ்டில் இனாண்டாவில் வீடும் கடையும் எரிய, நம் குடும்பங்கள் கையில் கிடைத்ததோடு ஓடிவந்தது அதே பீனிக்ஸுக்குத்தான். அங்கிருந்த காந்தியின் ஆசிரமமும் அன்று எரிந்தது. அந்தப் பழைய நினைவோடு, 2021இல் போனுக்கு மேல் போன் போட்டும் போலீஸ் வராத இரவும் சேர்ந்துகொண்டது. ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழுவின், 2022இல் வெளியான அறிக்கையும், மனித உரிமை ஆணையம் 2024இல் கொடுத்த அறிக்கையும் அரசின் தோல்வியைப் பதிவு செய்திருக்கின்றன. பயம் இருந்தது என்பதால் செய்த பாவம் குறைந்துவிடாது. ஆனால் அந்த இரவுகளுக்குப் பொறுப்பேற்க வேண்டிய அரசு, பழியை லைசென்ஸ் புத்தகத்தின் மேல் போட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. பிறகு போலீஸ் பீனிக்ஸில் பறிமுதல் செய்த துப்பாக்கிகளில் தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுடையவையும் இருந்தன. மசோதா அந்த நிறுவனங்களிடம் துப்பாக்கியே வேண்டாம் என்று சொல்லவில்லை.

சிகரெட்டை ஏன் இழுத்தேன் என்று கேட்டீர்கள். கொரோனா ஊரடங்கில், 2020 மார்ச் இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சிகரெட் விற்பனைக்குத் தடை. புகைத்தவர்கள் பெரும்பாலோர் நிறுத்தவில்லை. இரண்டு மூன்று மடங்கு விலைக்குக் கள்ளச் சிகரெட் வாங்கினார்கள். தடை போன பிறகும் அந்தக் கள்ளச் சந்தை போகவில்லை. ஈ-டோல் 2013 டிசம்பரில் கௌடெங் மாகாணத்தில் தொடங்கியது. மக்கள் கட்ட மறுத்தார்கள், 2024 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். சிகரெட்டைத் தடுத்த அதே கொரோனா ஊரடங்கில் மதுத்தடையும் இருந்தது, அது உங்கள் வார்டைக் காலியாக்கியது. நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். அதை என் கட்டுரையில் நான் மறுக்கவில்லை. சாராயக் கடையை மூடலாம், பார் வாசலில் போலீஸை நிறுத்தலாம். கண்ணில் படுகிற இடத்தில் அரசாங்கத்தால் ஒரு சட்டத்தைச் செயல்படுத்த முடிகிறது. கள்ளத் துப்பாக்கி கண்ணில் படுகிற கடையில் விற்பதில்லை. அதனால் ஒவ்வொரு புதிய சட்டத்தையும் பார்த்து, இதை யார், எந்த ஆளை வைத்து, எந்தப் பணத்தில் நடத்தப் போகிறார்கள் என்று கேட்கிறேன். நல்ல நோக்கம் மட்டும் எனக்குப் போதவில்லை.

எந்த நிலைமையில் இந்த மசோதாவை ஆதரிப்பேன் என்றும் சொல்லிவிடுகிறேன். போலீஸ் கிடங்குகளில் உள்ள ஒவ்வொரு துப்பாக்கியையும் வெளியாட்கள் வந்து எண்ணி, அந்தக் கணக்கை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். துப்பாக்கியை உருக்கும்போது சாட்சிகள் நிற்க வேண்டும். பதிவகம் விண்ணப்பத்துக்குச் சொன்ன காலத்தில் பதில் தர வேண்டும். இவை நடந்து, உங்கள் வார்டில் கூட்டம் அப்போதும் குறையவில்லை என்றால், தற்காப்பு லைசென்ஸையும் எடுத்துவிடலாம் என்று நானே எழுதுகிறேன். மசோதா இன்னும் சட்டமாகவில்லை, அதற்குள் இதைக் கேட்க நமக்கு நேரம் இருக்கிறது.

கணவன் சுட்டு வரும் பெண்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் தொந்தரவு செய்த வரி அதுதான். அந்தப் பெண்கள் புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, கொன்றுவிடுவேன், காயப்படுத்துவேன் என்று கணவன் மிரட்டினான் என்பதற்குச் சாட்சியம் இருந்தால் அவனிடம் உள்ள ஆயுதத்தைப் பறிமுதல் செய்ய மாஜிஸ்திரேட் உத்தரவிட வேண்டும் என்கிறது. துப்பாக்கிச் சட்டத்தின் 102ஆம் பிரிவில், அவன் மேல் இறுதிப் பாதுகாப்பு உத்தரவு இருந்தாலோ, சுட்டுவிடுவேன் என்று அவன் மிரட்டியதாக யாராவது சத்தியப் பிரமாண வாக்குமூலம் கொடுத்தாலோ, அவனைத் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியற்றவன் என்று போலீஸ் அறிவிக்கலாம். தற்காப்பு லைசென்ஸா வேட்டை லைசென்ஸா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. இது தெரியாமல் எத்தனையோ பெண்கள் கவுண்டரிலிருந்து திரும்பிப் போகிறார்கள், தெரிந்த போலீஸ்காரரும் சில சமயம் சொல்வதில்லை. உங்கள் வார்டுக்கு அடிபட்டு வருகிற பெண்ணிடம் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் இந்த இரண்டு பிரிவு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவள் பாதுகாப்பு உத்தரவு கேட்டு விண்ணப்பிக்கும்போதே துப்பாக்கி விஷயத்தையும் அதில் எழுதச் சொல்லுங்கள். தமிழிலும் சூலுவிலும் ஒரு பக்கக் குறிப்பாக அச்சடித்து வைக்க வேண்டும் என்றால், தமிழ்ப் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன், அச்சுச் செலவையும் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்