எட்டுக்காலியும் ஓர் அகராதியும்

வணக்கம் ஐயா,

எனக்கு வயது 19. ஏழு வயதில் காய்ச்சலில் வாரக்கணக்கில் படுத்திருந்தபோது, ஜன்னலில் ஒரு சிலந்தி தினமும் வட்டமாக வலை பின்னுவதைப் பார்த்தேன். அன்று பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. பள்ளியில் என் பெயரே எட்டுக்காலி. அதனால் கல்லூரியில் யாரிடமும் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அப்போது விளையாட ஆள் இருந்திருந்தால் சிலந்தியைப் பார்த்திருக்கவே மாட்டேன். அப்படியானால் இது என் விருப்பமா, தனிமை செய்த வேலையா? இந்த ஆர்வமும் ஒருநாள் போய்விட்டால் நான் யார்?

க.

அன்புள்ள க,

உங்கள் கேள்வியை நானும் பல வருடம் சுமந்திருக்கிறேன். சிறுவயதில் எனக்குத் திக்குவாய். 'ப' வந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும். 'பயமா இருக்கு' என்று சொல்ல வராது. வகுப்பில் எழுந்து நின்று அந்த 'ப'வோடு மல்லுக்கட்டும்போதே பின்வரிசையில் சிரிப்பு கிளம்பிவிடும். ஒருநாள் அகராதியில் 'அச்சம்' கண்ணில் பட்டது. சொல்லிப் பார்த்தேன், தடங்கல் இல்லாமல் வந்தது. அப்புறம் ஒவ்வொரு 'ப' சொல்லுக்கும் மாற்றுத் தேடினேன். 'பாதை'க்கு 'வழி', 'பகை'க்கு 'விரோதம்'. சில மாதங்களில் தேடிய காரணமே மறந்துபோய், சொற்களுக்காகவே அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒளிய இடம் தேடிப் போனவன் அங்கேயே குடியேறிவிட்டேன்.

'அடையாள நெருக்கடி' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த உளவியலாளர் எரிக் எரிக்சனுக்கு, தன்னைப் பெற்ற தகப்பன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. 1939இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது, எரிக்சன் என்ற குடும்பப் பெயரைத் தானே வைத்துக்கொண்டார். 'நான் யார்' என்ற கேள்வியை அந்தக் காயம் கொடுத்திருக்கலாம். அந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுக்க உட்கார்ந்தது அவர். உங்களுக்கும் காய்ச்சல் சில வாரங்கள்தான் இருந்தது. மிச்சம் பன்னிரண்டு வருடமும் யாரும் கட்டிப்போடாமல், நீங்களாகத்தான் போய்ப் பார்த்திருக்கிறீர்கள்.

வட்ட வலை பின்னும் சிலந்தி, சக்கரத்தின் ஆரக்கால்கள் போன்ற இழைகளை இழுத்துக் கட்டியதும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு தற்காலிகச் சுருள் போடும். அதில் கால்வைத்துத்தான் ஒட்டும் இழையை வெளியிலிருந்து உள்நோக்கிப் பின்னிக்கொண்டு வரும். வர வர, பழைய சுருளைப் பிரித்து அகற்றிவிடும். என்னைவிட உங்களுக்கு இது நன்றாகத் தெரியும். உங்கள் தனிமை அந்த முதல் சுருள் என்றே எனக்குப் படுகிறது.

ஆர்வம் போனால் போகட்டும். சின்ன அசைவைக்கூட மணிக்கணக்கில் கவனிக்கப் பழகிய கண் உங்களோடுதான் இருக்கும். எட்டுக்காலி என்ற பெயர் வலித்திருக்கும், அதைப் பெரிதுபடுத்தாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பயந்து இன்னமும் வாயை மூடிக்கொண்டிருப்பது வருத்தமாக இருக்கிறது. ஒரே ஒருவரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

சரி, நான் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஜன்னல் சிலந்தி என்ன வகை என்று பிற்பாடு கண்டுபிடித்தீர்களா? எழுதுங்கள்.