ஜி.கே. ஏறாத பிள்ளைக்கு முதல் புத்தகம் அட்லஸ்

“மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதப்போவதாகச் சொல்கிறாள். ஆனால் காவிரி எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டால் முழிக்கிறாள். பத்தாம் வகுப்பில் சமூக அறிவியலில் 92 வாங்கியவள்தான். இனிமேல் ஜி.கே. (பொது அறிவு) ஏறுமா? கோச்சிங் சென்டரில் சேர்த்துவிடட்டுமா?” சென்னைப் பெற்றோர் பலருக்கும் இருக்கும் கவலை இது.

ஏறும். கோச்சிங் சென்டருக்கு இன்னும் அவசரமில்லை. பிள்ளையின் மனதில் மேப் இல்லாததுதான் இங்கே குறை. மேப் இல்லாத மனதில் எவ்வளவு தகவல் கொட்டினாலும் தங்காது. அணையின் பெயர், ஆற்றின் பெயர், மாநிலத்தின் பெயர் எல்லாம் தனித்தனிச் சொற்களாகக் கிடந்து, தேர்வு முடிந்ததும் போய்விடும்.

அந்த 92 பொய்யான மதிப்பெண் அல்ல. அது எப்படி வந்தது என்று பார்த்தால் குறை எங்கே என்று புரியும். பொதுத்தேர்வுக்கு முன் மேப் கேள்விக்காகச் சில இடங்களைப் புள்ளி வைத்துப் பழகியிருப்பாள். சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்க்க நேரம் இருந்திருக்காது. அடுத்து பதினொன்றாம் வகுப்பு. கணிதம், உயிரியல், கணினி அறிவியல், வணிகவியல் என்று எந்தக் குரூப் எடுத்தாலும் பெரும்பாலான பள்ளிகளில் புவியியல் அத்தோடு நின்றுவிடுகிறது. இருபத்தொரு வயதில் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது ஐந்தாறு ஆண்டு இடைவெளி விழுந்திருக்கும். இடையில் வழி காட்டியதெல்லாம் போன். அதன் திரையில் நாம் திரும்பும் பக்கமெல்லாம் மேப்பும் திரும்பிக்கொள்கிறது. வடக்கு எது என்று தெரியாமலே தாம்பரத்திலிருந்து திருவொற்றியூர் போய்ச் சேர்ந்துவிடலாம். பிள்ளையின் சோம்பல் என்று இதைத் திட்டாதீர்கள்.

தேர்வில் இதன் கனம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் படிப்பது சுலபமாகும். குரூப் 4-இல் மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறி 25. குரூப் 1 முதல்நிலைத் தேர்வில் பொது அறிவு மட்டும் 175 கேள்வி. ரயில்வேயின் தொழில்நுட்பம் சாராத பணிகளுக்கான என்.டி.பி.சி. முதல் கட்டத் தேர்வில் 100-க்கு 40 கேள்வி பொது அறிவு. ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கான என்.டி.ஏ. தேர்வை எழுத நினைக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு, பொது அறிவுக்கான 400 மதிப்பெண்ணில் புவியியலின் பங்கு சுமார் ஐந்தில் ஒன்று. வரலாறு, பொருளாதாரம், நடப்பு நிகழ்வு என்று வேறு தலைப்பில் வரும் கேள்விகளிலும் பாதிக்கு அடியில் ஒரு இடம் இருக்கும். அந்த இடம் தெரியாததால்தான் நான்கு விடைகளில் இரண்டைக்கூடக் கழிக்க முடியாமல் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

முதலில் ஒரு சோதனை. ஒரு வெள்ளைத் தாள், பென்சில், பதினைந்து நிமிடம். எதையும் பார்க்காமல் தமிழ்நாட்டை வரையச் சொல்லுங்கள். சென்னை, கோவை, மதுரை, தூத்துக்குடி, மேட்டூர், நீலகிரி, காவிரி, பாலாறு, தாமிரபரணி, மூன்று அண்டை மாநிலங்கள், புதுச்சேரி எல்லாவற்றையும் குறிக்கட்டும். கோடு கோணலாக இருந்தால் பரவாயில்லை. பிழை எந்த வகை என்பதை மட்டும் கவனியுங்கள். மேட்டூரைத் தஞ்சாவூருக்குக் கிழக்கே வைத்தால் அது திசைப் பிழை. மேப்பைத் திரும்பத் திரும்ப வரைந்தால் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும். ஆப்பிரிக்காவை ஒரு நாடு என்றோ, மேட்டூரைத் தனி மாவட்டம் என்றோ எழுதினால் அடுக்குப் பிழை. ஊர், வட்டம், மாவட்டம், மாநிலம், நாடு, கண்டம் என்ற வரிசை மனதில் அமையவில்லை என்று பொருள். மூன்றாவது, காரணம் தெரியாத பிழை; தேர்வில் அதிகம் அடிவாங்க வைப்பது இதுதான். எல்லா இடத்தையும் சரியாகக் குறித்திருப்பாள். காவிரி ஏன் மேற்கே போகாமல் கிழக்கே ஓடுகிறது என்று கேட்டால் பதில் வராது. மேற்குத் தொடர்ச்சி மலை உயர்ந்து, பீடபூமி கிழக்கு நோக்கிச் சரிந்திருக்கிறது என்ற ஒரே விஷயம் பிடிபட்டால் கோதாவரி, கிருஷ்ணா, காவிரி மூன்றுக்கும் காரணம் கிடைத்துவிடும். நர்மதையும் தபதியும் பிளவுப் பள்ளத்தாக்கில் மேற்கே ஓடுவது ஏன் தனிக் கேள்வியாக வருகிறது என்பதும் புரியும்.

படிப்பை எங்கிருந்து தொடங்குவது? வீட்டுக் குழாயிலிருந்து. சென்னைப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், 2020-இல் சேர்ந்த தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்து நீர்த்தேக்கங்களையும் மேப்பில் குறிக்கச் சொல்லுங்கள். முழுக் கொள்ளளவு முறையே 3,231, 1,081, 3,300, 3,645, 500 மில்லியன் கன அடி. கூட்டினால் 11,757, அதாவது 11.757 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி). மேட்டூர் அணை நிரம்பினால் 93.47 டி.எம்.சி. சென்னையின் ஐந்து நீர்த்தேக்கமும் சேர்ந்து அதில் எட்டில் ஒரு பங்குதான். இந்த ஒரு கணக்குப் போட்ட பிள்ளைக்கு டி.எம்.சி. என்ற அளவு அதற்குப் பிறகு வெறும் எழுத்தாக இருக்காது.

அடுத்து, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போகட்டும். மழைநீர் போக, பூண்டிக்குக் கிருஷ்ணா நீர் வருகிறது. ஸ்ரீசைலம் அணையிலிருந்து பெண்ணாற்றின் மீதுள்ள சோமசிலா, அங்கிருந்து கண்டலேறு, பிறகு கால்வாய் வழியாக ஊத்துக்கோட்டைப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பூண்டி. கிருஷ்ணா பிறப்பது மகாராஷ்டிரத்தின் மகாபலேஸ்வர் அருகே. இன்னொரு பக்கம் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரி. அதற்குக் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் காவிரி நீர் வருகிறது. காவிரி பிறப்பது குடகின் தலைக்காவேரியில். நெம்மேலியில் கடல்நீர் குடிநீராகிறது. ஒரு குழாயைப் பின்தொடர்ந்தால் மகாராஷ்டிரம், கர்நாடகம், தெலங்கானா, ஆந்திரம், வங்கக்கடல் எல்லாம் மேப்பில் வந்துவிடுகின்றன. நதிநீர்ப் பங்கீடு பற்றிய கேள்வி அரசியலமைப்புப் பகுதியில் வந்தாலும் இந்தப் படம் கைகொடுக்கும்.

வெள்ளத்தையும் இதே மேப்பில் சேர்த்துவிடலாம். செம்பரம்பாக்கத்தில் உபரி நீர் திறந்தால் அது அடையாற்றில் வரும்; சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் கவலைப்பட வேண்டும். பூண்டியில் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். மணலிப் பக்கத்தவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கூவம் நடுவில் தனி. சென்னையின் ஆண்டு மழை சராசரி சுமார் 1,400 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை தருவது. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தைப் பெரும்பாலும் கேரளப் பக்கத்திலேயே கொட்டிவிடுவதால் நமக்கு அந்த மாதங்களில் குறைவு. மழைமறைவுப் பகுதி என்ற பாடம் இதுதான்.

மொட்டைமாடியில் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. சென்னை ஏறக்குறைய வடக்கு 13 பாகை, கிழக்கு 80¼ பாகையில் இருக்கிறது. இந்திய நேரம் கிழக்கு 82½ பாகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆகவே இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகக் கடிகாரத்தில் 12 மணிக்குச் சுமார் 9 நிமிடம் கழித்து. மாதத்துக்கு மாதம் கால் மணி நேரம்வரை முன்பின் ஆகும். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி நிழலே விழாத நாள் வரும். நேராக நட்ட குச்சியின் நிழல் எப்போது மிகக் குட்டையாகிறது என்று ஒரு நாள் குறித்துப் பார்த்த பிள்ளை, அட்சரேகை, தீர்க்கரேகைக் கேள்விகளில் குழம்பாது. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் பணியின் முதல் அடிக்கோடு 1802-இல் பரங்கிமலை அருகேதான் அளக்கப்பட்டது என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

தினமும் இருபத்தைந்து நிமிடம் போதும். ஒரு பள்ளி அட்லஸ், ஸ்டேஷனரிக் கடையில் தனித்தாளாகக் கிடைக்கும் அவுட்லைன் மேப் ஒரு கட்டு, சுவரில் தமிழ்நாடு, இந்தியா, உலகம் என்று மூன்று மேப். சுவர் மேப்பைப் படிக்கும் அறையில் மாட்டாதீர்கள். சாப்பிடும் இடத்தில் மாட்டுங்கள். பாடப்புத்தகம் சமச்சீர் சமூக அறிவியல். பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து வரிசையாகத் தொடங்கினால் பலர் நடுவில் விட்டுவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பின் தமிழ்நாட்டுப் பாடங்களை முதலில் முடியுங்கள். பிறகு அதே புத்தகத்தின் இந்தியப் பாடங்கள், அடுத்து ஒன்பதாம் வகுப்பின் பாறைக்கோளம், வளிமண்டலம், நீர்க்கோளம். கண்டங்கள் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் இருக்கின்றன; அவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் படித்தால் அதில் வரும் இடங்களை அவுட்லைன் மேப்பில் குறிக்க வேண்டும். ஞாயிறுதோறும் பார்க்காமல் ஒரு மேப். தவறிய இடங்களை மட்டும் சிவப்புப் பேனாவால் திருத்தி, தேதி போட்டு வையுங்கள். அடுத்த வாரம் முதலில் அவற்றையே கேளுங்கள்.

நடப்பு நிகழ்வுக்கு மாதாந்திரத் தொகுப்பை மட்டும் நம்புவது வீண். நூற்றுக்கணக்கான ஒருவரித் தகவல், எதுவும் ஒட்டாது. நாளிதழிலிருந்து நாளுக்கு மூன்று செய்தி போதும். எங்கே, பக்கத்தில் என்ன, நமக்கு என்ன சம்பந்தம் என்று மூன்று வரி எழுதட்டும். ஹார்முஸ் நீரிணையில் பதற்றம் என்று செய்தி வந்தால், அது ஈரானுக்கும் ஓமனுக்கும் நடுவில் இருப்பதையும், நாம் இறக்குமதி செய்யும் சமையல் எரிவாயுவில் பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து அந்த வழியாக வருவதையும் மேப்பில் பார்க்க வேண்டும். சிலிண்டர் விலை ஏன் அசைகிறது என்று அதற்குப் பிறகு யாரும் விளக்கத் தேவையில்லை.

பழைய கைடு வாங்கிக் கெட்டவர்கள் அதிகம். பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிய புத்தகத்தில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டம், இந்தியாவுக்கு 29 மாநிலம் என்று இருக்கும். இப்போது 38 மாவட்டம்; கடைசியாக வந்தது 2020-இல் மயிலாடுதுறை. மாநிலம் 28, யூனியன் பிரதேசம் 8. போர்ட் பிளேரின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. வாங்கும்போதே மாவட்ட எண்ணிக்கையைத் திறந்து பாருங்கள். அது தவறாக இருந்தால் புத்தகத்தை வைத்துவிடுங்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். சித்தப்பா, அத்தை முன்னால் “எங்கே, கஜகஸ்தான் தலைநகர் சொல்லு” என்று கேட்காதீர்கள். ஒருமுறை அவமானப்பட்ட பிள்ளை அந்தப் பாடத்தையே வெறுத்துவிடும். தெரியாத கேள்வி வந்தால் நீங்களும் எழுந்துபோய் அட்லஸின் பின்பக்க அட்டவணையில் தேடுங்கள்.

தேர்வுக்கு மூன்று மாதமே இருந்தால் தமிழ்நாடு, இந்தியா இரண்டோடு நிறுத்திக்கொண்டு, மீதி நேரத்தைத் தமிழ்ப் பகுதிக்குக் கொடுங்கள். குரூப் 4-இல் அங்கேதான் 150 மதிப்பெண் இருக்கிறது, அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றப் பகுதியின் விடைகளையே திருத்தமாட்டார்கள். ஓராண்டு இருந்தால் மேலே சொன்ன வரிசை முழுவதும் முடியும். கோச்சிங் சென்டரில் சேர்க்கும் எண்ணம் இருந்தால், பத்தாம் வகுப்புப் பாடங்கள் முடிந்து, பழைய வினாத்தாளில் புவியியல் கேள்விகளில் பாதிக்கு மேல் சரியாக வந்த பிறகு சேருங்கள். அதற்கு முன் சேர்ந்தால், வகுப்பு ஓடும் வேகத்தில் குறிப்பெடுக்க மட்டும்தான் நேரம் இருக்கும், கட்டணம் வீண்.

வீட்டில் பிளஸ் டூ படிக்கும் இளையவர் இருந்து, மேப் அவருக்குப் பிடித்துப்போனால், அதையே படிப்பாக்கவும் சென்னையில் வழி உண்டு. மாநிலக் கல்லூரியிலும் ராணி மேரிக் கல்லூரியிலும் புவியியல் பட்டப்படிப்பு இருக்கிறது. கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்களுக்குக் கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் உண்டு; 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி அது. செயற்கைக்கோள் படம், ட்ரோன் அளவை, ஜி.ஐ.எஸ். எனும் கணினி மேப் மென்பொருள் ஆகியவற்றில் வேலை. கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் போடும்போது பலர் அந்தப் பெயரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் அதையும் ஒரு முறை படித்துப் பாருங்கள்.