முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் போடும் நரம்பு மரப்பு ஊசி: கேள்வி பதில்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு மயக்க மருத்துவர் ஒருவர் அளித்த பதில்கள்.

பாம்பனிலிருந்து ஒரு மகன்: கடற்பாசி எடுத்தே முழங்கால் தேய்ந்துபோன என் அம்மாவுக்கு மூட்டு மாற்றப்போகிறார்கள். முதுகில் ஓர் ஊசி, தொடையில் ஓர் ஊசி என்கிறார்கள். இரண்டும் எதற்கு ஐயா?

முதுகு ஊசி அறுவைக்கானது. சில மணி நேரத்தில் அதன் வேகம் தணிந்துவிடும். தொடை ஊசி பிந்தைய வலிக்கானது. முழங்காலின் முன்புற உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பு, தொடையின் உட்புறத்தில் தசைகளுக்கிடையே கால்வாய் போன்ற ஓர் இடைவெளியில் ஓடுகிறது. அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசிமுனையைப் பார்த்துக்கொண்டே அங்கே ரோபிவக்கைன் அல்லது புபிவக்கைன் என்னும் மரப்பு மருந்தைச் செலுத்துவோம். மருந்து இறங்க இறங்க, நரம்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு குட்டை விரிவது திரையில் தெரியும். முழங்காலின் பின்புறத்துக்கு இது எட்டாது என்பதால், அதற்கெனத் தனியே இன்னோர் ஊசி போடுவதும் உண்டு.

கீழக்கரையிலிருந்து ஒரு மகள்: அறுவை நடந்த இரவு வலியே இல்லை என்று வாப்பா மாத்திரை வேண்டாம் என்றுவிட்டார்கள். மறுநாள் மதியம் துடித்துப்போனார்கள். அறுவையில் ஏதும் பிழையா?

பெரும்பாலும் பிழை அறுவையில் இல்லை, மாத்திரையை விட்டதில்தான். ஒருமுறை போடும் ஊசி ஏறத்தாழ 12 முதல் 24 மணி நேரம் தாங்கும். அது விடும்போது, அதுவரை அடங்கியிருந்த வலி ஒரேயடியாகக் கிளம்பும். பாராசிட்டமால் போன்றவற்றை வலி தெரியாதபோதே நேரம் தவறாமல் கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான். கட்டிலருகே இருப்பவர்களிடம் நாங்கள் இதை விளக்கத் தவறுவதும் உண்டு. மெல்லிய குழாய் ஒன்றை வைத்து 2, 3 நாள் மருந்து செலுத்தும் முறையும் இருக்கிறது. ஆனால் காய்ச்சலோ, கெண்டைக்கால் வீக்கமோ சேர்ந்து வந்தால் அறுவை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

தொண்டியிலிருந்து ஒருவர்: மரத்த காலோடு நடக்கலாமா?

முன்பு தொடை இடுக்கிலேயே ஊசி போடும் வழக்கம் மிகுந்திருந்தது. அதில் வலி நன்றாக அடங்கினாலும் தொடைத் தசையும் தளர்ந்துவிடுவதால், எழுந்து நிற்கும்போது முழங்கால் மடங்கி விழும் ஆபத்து இருந்தது. கீழே இறங்கிப் போடும் இன்றைய ஊசியில் தசைவலு பெரும்பாலும் நிற்கிறது. அதனால்தான் அன்றோ மறுநாளோ வாக்கர் பிடித்து நடக்க வைக்கிறோம். ஆயினும் இரவில் கழிப்பறைக்குத் தனியே எழுந்து போகவே கூடாது. வறுத்த உப்பைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பதும் வேண்டாம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும்.

மண்டபத்திலிருந்து ஒருவர்: சர்க்கரை இருக்கிறது, இதயத்துக்கு ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறேன். இந்த ஊசிகள் போடலாமா?

இரண்டையும் முன்கூட்டியே சொல்லுங்கள். மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாதீர்கள். இங்கே முதலில் யோசிக்க வேண்டியது தொடை ஊசியைப் பற்றி அல்ல, முதுகு ஊசியைப் பற்றித்தான்; ரத்தம் எளிதில் உறையாதபோது முதுகுத்தண்டருகே கசிந்து நரம்பை அழுத்திவிடலாம். பாதத்தில் ஏற்கெனவே எரிச்சலோ மரப்போ இருந்தால் அதையும் குறித்துக்கொள்வோம்.

சாயல்குடியிலிருந்து ஓர் அம்மா: ஊசி போடும்போது ஏன் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்?

மருந்து தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் உதடு மரப்பதும், காது இரைவதும், நாக்கில் உலோகச் சுவை தட்டுவதும் முதலில் தங்களுக்குத்தான் தெரியும் அம்மா. அரிதாகவே நடக்கும். சொன்ன மாத்திரத்தில் ஊசியை நிறுத்திவிடுவோம். அதற்கான மாற்று மருந்தாகிய, பால்போல் வெண்மையான கொழுப்புக் கரைசலும் அறையிலேயே இருக்கும்.